பெரிய கிராணி சொன்ன சேதி

“…பலகையில ஒட்டறதுக்கு முந்தி நானே சொல்லிடறேன் தம்பி, உக்காரு,” என்றார் பெரிய கிராணி. காலையில் வந்த உத்தரவு ஒன்று அவர் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. நான் உட்காரவில்லை. அந்த அறையில் நல்ல சேதி என்றால் அவர் வாசலில் நின்றபடியே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார். கெட்ட சேதிக்குத்தான் நாற்காலி.

மலேசியாவின் ஜோகூரில் ஒரு ராணுவப் பிரிகேட் தலைமையகத்தின் நிர்வாக அலுவலகம் அது. தலைமை எழுத்தர் நாற்காலியில் பல வருடங்களாக அவர்தான் இருந்தார், ஆனால் ‘பொறுப்பு’ என்ற சொல்லோடு. அதற்கான பதவி உயர்வு வரவே இல்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான்; அங்கே தலைமைக் கணக்கருக்குப் பெரிய கிராணி என்று பேர். ஆபீசை நடத்துகிறவர் யாரானாலும் எனக்குப் பெரிய கிராணிதான். முதல்முறை அப்படிக் கூப்பிட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார். “பால் வெட்டப்போன எங்கப்பாவ மிரட்டின பேரு லா அது. கடைசியில என் தலையிலயே வந்து உக்காந்துச்சா?”

இடமாற்றம், மறுக்கப்பட்ட விடுப்பு, தேறாத பயிற்சி என எல்லா உத்தரவும் முதலில் அவர் கைக்குத்தான் வரும். நேரே அறிவிப்புப் பலகைக்கு அனுப்பினால் யாரும் அவரைக் குறை சொல்லப்போவதில்லை. அவர் அனுப்பமாட்டார். சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டு, அப்புறம்தான் பலகை. “காகிதம் சொன்னா தலையில கல்லு விழுந்த மாதிரி. மனுசன் சொன்னா கையில வாங்கிக்கிட்ட மாதிரி,” என்பார். குழந்தை பிறந்து சில நாளே ஆன ஒரு மலாய்க் கார்ப்பரலுக்குச் சபாவுக்கு மாற்றல் வந்தது. அவனை அழவிட்டார். தானே தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து, அங்கே குடும்பக் குடியிருப்பு கிடைக்குமா, மனைவி எப்போது போய்ச் சேரலாம் என்று தொலைபேசியில் விசாரித்தார்கள். கண் சிவந்து வெளியே வந்தாலும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் அவன் வந்தான். தளபதிகள் வந்தார்கள், போனார்கள். அந்த அலுவலகம் குலையாமல் நின்றதற்கு வேறு ரகசியம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. “ஆர்டர் போடறவங்க மேல இருக்காங்க, பெட்டி கட்டறவன் கீழ இருக்கான். நடுவுல நிக்கிறதுதான் தம்பி நம்ம வேலை.”

அப்படிப்பட்டவர் பெர்மாஸ் ஜெயா வீட்டில் காலமான சேதி, போன மாதம் எனக்கு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கும்பிடும் கைப் படம் ஒன்று, கீழே வரிசையாக அதே படங்கள். யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

தன் வழக்கத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் மீறினார். காகிதம் கைக்கு வராமல் எதையும் சொல்லாதவர், தன் விஷயத்தில் மட்டும் முந்திக்கொண்டார். அந்த உத்தரவு வருவதற்கு முன்பே, கோலாலம்பூரில் ஆவணப் பிரிவில் இருந்த பழைய நண்பர் தொலைபேசியில் அழைத்து, “இந்தத் தடவை பதவி உயர்வு உங்க ஆபீஸ் இந்தியருக்குத்தான்” என்று சொல்லியிருக்கிறார். அந்த அலுவலகத்தில் எத்தனையோ வருடமாக ஒரே ஓர் இந்தியர் இவர்தான். நான் மாற்றலாகி வந்தது அதற்கு முந்தின வருடம். சொன்னவர் பெயர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று ஏன் தோன்றப் போகிறது? தம்போய் மாமாக் சாப்பாட்டுக் கடையிலிருந்து எல்லோருக்கும் பிரியாணி வந்தது. அவர் மனைவி தன் அம்மாவிடம் நேரில் சொல்லவேண்டும் என்று பத்து பாகாட் ஊருக்கே போய்விட்டார். ‘பொறுப்பு எப்பப் போகும், பொறுப்பு எப்பப் போகும்’ என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா அவர்.

அன்று காலை, மேசையில் கவிழ்ந்து கிடந்த காகிதத்தை அவர் திருப்பினார்.

“நான் இல்ல தம்பி. நீ.”

“அண்ணே, தப்பா வந்திருக்கும்.”

“பேரு, நம்பர் எல்லாம் சரியா இருக்கு. நல்லாப் பாத்துட்டேன். இன்னிலேருந்து நீதான். சந்தோசம் லா.” கை கொடுத்தார்.

பிறகு வெளியே போய் ஒவ்வொரு மேசையின் முன்னாலும் நின்றார். “பூகான் சாயா,” நான் இல்லை என்று மலாயில் சொல்லி, நான் நின்ற அறைப் பக்கம் கை காட்டினார். கதவு வழியே எனக்கு எல்லாம் கேட்டது. எப்போதும் அவரைத் ‘துவான்’, ஐயா, என்று கூப்பிடும் மலாய் ஓட்டுநர் மட்டும் விளையாட்டு என்று நினைத்து, “அலமாக், அப்ப பிரியாணியத் திருப்பித் தரணுமா துவான்?” என்றான். இவரும் சிரித்தார். “வேணாம், அது புது துவான் வச்ச விருந்துன்னு வச்சுக்க.” அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்தவர் தன் நாற்காலிக்குப் போகவில்லை. மேசையின் இந்தப் பக்கமே நின்று, தொப்பியைச் சரிசெய்து, குதிகால்களைச் சேர்த்துக்கொண்டார்.

“துவான், அரை நாள் லீவு வேணும். வீட்டுக்காரம்மா பத்து பாகாட்ல இருக்கா. போன்ல சொல்ற சேதி இல்ல இது.”

“அண்ணே, என்ன இது, என்கிட்டப் போயி… கிளம்புங்க அண்ணே.”

“வாயால சொன்னா லீவு ஆகாது, துவான்.”

இழுப்பறையிலிருந்து விடுப்புத் தாளை எடுத்தார். நின்றபடியே குனிந்து, அந்த அழகான கையெழுத்தில் நிதானமாக நிரப்பினார். தாளை என் பக்கம் திருப்பி, மூடாத பேனாவை அதன்மேல் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று காத்திருந்தார்.