புத்தக அட்டையில் தொந்தி அதிகாரி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கோழிக் கிறுக்கல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பேர்லேண்ட் என்ற ஊரில் நான் சமைக்கும் ஹோட்டல் முதலாளியின் மகள், பள்ளிப் பாடத்துக்கான பழைய அமெரிக்கக் கார்ட்டூன் ஒன்றைக் காட்டினாள். வாத்தியார் மேசைக்கடியில் ஒரு அதிகாரி பூதக்கண்ணாடியோடு கம்யூனிஸ்ட் தேடுகிறார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எங்கள் மூன்றாம் வகுப்பு சார் ஆசிரியர் சங்கத்துக்காரர். மிஞ்சிய சங்க நோட்டீஸ்களை எங்கள் புத்தகங்களுக்கு அட்டை போடக் கொடுத்திருந்தார். அதில், வாத்தியாரின் பையை மோப்பம் பிடிக்கும் தொந்தி அதிகாரியின் படம். ஒருநாள், சார் வகுப்பில் சிவப்புக் கட்சி வளர்க்கிறாரா என்று விசாரிக்க நிஜ அதிகாரியே வந்துவிட்டார். அட்டையைப் பார்த்தால் சாருக்கு வேலை போய்விடும். ஜீப்பைப் பார்த்ததுமே எல்லோரும் புத்தகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டோம்.

"புக்கெல்லாம் எங்கடா?" என்று என்னைத்தான் கேட்டார்.

வகுப்பில் வாயே திறக்காத நான், "தரை சில்லுனு இருக்கு சார், அதான் மேல உக்காந்திருக்கோம்" என்றேன்.

"உருப்பட்ட மாதிரிதான்!" என்று தலையில் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜீப் போனதும் சார், "சரஸ்வதி மேலயாடா உக்காருவீங்க? தொட்டுக் கும்பிடுங்க!" என்றார். வகுப்பு மொத்தமும் தொந்தி அதிகாரியைப் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

"ரைட் இட் டவுன், அங்கிள்!" என்றாள், இதைக் கேட்ட முதலாளியின் மகள். கூச்சத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் எழுதி முடித்தது தைப்பூசத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.