அப்பா வீட்டில் படுத்த வருஷம்

"ஏர் புடிக்கிற ஊட்டுல எழுத்து இன்னாத்துக்குடி?" என்று கேட்பாள் அத்தை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, கண்ணில் படுகிற எதையும் அவள் காதில் விழும்படி உரக்கப் படிப்பேன்.

விழுப்புரத்துக்கு வடக்கே எங்கள் ஊர். அப்பா வாரத்துக்கு உழுதார். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி எங்களுக்கு. காகிதம் எதுவும் கிடையாது. சித்திரையில் முதல் ஏர் பூட்டும் நாளில் நிலக்காரர் வெற்றிலை பாக்கு கொடுப்பார். அப்பா வாங்கிக்கொண்டால் அந்த வருஷ உழவு அவருடையது. தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காய் பிடித்துவிட்டால் அப்பா வீட்டுக்கு வரமாட்டார். நரிக்கும் பன்றிக்கும் காவலாகக் அந்தக் கொல்லை நிலத்திலேயே பரண் கட்டிப் படுத்துக்கொள்வார். கூழ் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

நான் ஐந்தாவது படித்தபோது, உழுகிறவனை நிலத்தைவிட்டு இறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. வெல்லம் கட்டி வந்த பேப்பரில் நான்தான் அதைப் படித்துச் சொன்னேன். அப்பா மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார்.

"பாத்தியாக்கா, எழுத்து இன்னாத்துக்குன்னு கேட்டியே!" என்று அத்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"வெத்தல வரட்டும், அப்பறம் சிரி" என்றாள் அத்தை.

நிலக்காரரும் பேப்பர் படிக்கிறவர்தான். அந்தச் சித்திரையில் அப்பா மாட்டைப் பூட்டிக்கொண்டு வரப்பில் வெகுநேரம் நின்றார். உச்சி வெயிலில் வந்த நிலக்காரர் முகம் பார்க்காமல் பேசினார்.

"உன் மேல கோவம் இல்லப்பா. இன்னிக்கி வெத்தல குடுத்தா, நாளைக்கி நெலமே உன்துன்னுடுவாங்க. இனிமே சொந்தப் பயிருதான். கூலிக்கு வந்துடு."

கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள் சிலர். "சாட்சிக்கு இன்னாத்தக் காட்டறது? குடுத்த வெத்தலய எல்லாம் மென்னு துப்பிட்டனே" என்றார் அப்பா.

அதே கொல்லையைக் கூலிக்கு உழுதார். காவலுக்கு நிலக்காரர் வேறு ஆள் போட்டுவிட்டார். பொழுது சாய்ந்ததும் அப்பா வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டார். தூரத்தில் நரி ஊளையிட்டால் சட்டென்று எழுந்து உட்காருவார். பிறகு மெல்லப் படுத்துவிடுவார். போகாமல் இருக்கிறாரே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். "எங்க அப்பா இப்ப தெனமும் ஊட்லதான் படுக்கறாரு" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் திண்டிவனத்துப் பக்கம் கிராம சேவிகாவாக வேலையில் சேர்ந்தேன். புதுச் சட்டம், புதுத் திட்டம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். முதல் வீட்டில், நோட்டீஸ் பையைத் திறக்காமல், வாசலில் நின்ற சிறுமியிடம் கேட்டேன்:

"ஒங்க அப்பா ராத்திரியில எங்க படுக்கறாரு?"