இங்கே மதிப்பெண்களைக் கூட்டுவதில்லை

இந்த ஊரில் முப்பத்தாறு மதிப்பெண்ணுக்குச் சர்க்கரை கொடுக்கிறார்கள். சைகோனிலிருந்து பாண்டிச்சேரிக்கு வந்து சாரம் பகுதியில் வீடு பிடித்த முதல் கோடையில், பஞ்சாலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி ஒரு தட்டில் சர்க்கரையும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் பல். அவருக்கு நான் ஐயா அல்ல, முசே. "பையன் பாஸ் பண்ணிட்டான் முசே. எதுலயும் முப்பத்தாறுக்குக் கொறையல." என் மகள் லூசி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "நூத்துக்கா?" என்று கேட்டாள். "நூத்துக்குத்தாம்மா!" என்றார் பெருமையாக. அவர் போன பிறகு லூசி கணக்குப் போட்டுச் சொன்னாள்: "பப்பா, அது இருபதுக்கு ஏழு. எங்க லிசே பள்ளிக்கூடத்துல ஏழு வாங்கினா வீட்டுக்கு ஆள் அனுப்புவாங்க." நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் கொடுத்த சர்க்கரையை நாக்கில் வைத்துக்கொண்டே சிரித்தோம். சைகோனில் இன்னும் மூட்டை கட்டலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கிற நம்மவர்களே, அந்தச் சிரிப்பைத்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அப்படி நாங்கள் சிரிக்கவில்லை.

நேற்றுக் காலை லூசி கல்லூரிப் புகுமுக வகுப்பின் ஆங்கிலத் தேர்வை மூன்றாம் முறையாக எழுதப் போனாள். எதிர்ச் சாரியில் ஒரு பூவரச மரத்தின் நிழலில் நான் நின்றேன். மற்ற பாடங்கள் எல்லாம் என்றைக்கோ தேறிவிட்டன. இதுவும் தேறினால் கணித பி.ஏ. வகுப்பில் இடம் உண்டு. தேறாவிட்டால் என்ன என்பதை என் மனைவி தெரேஸ் முதல் நாளே அடுப்படியில் நின்று சொல்லிவிட்டாள். அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக, அதாவது சொல்தாவாக, இருக்கும் ஒருவனுடைய வீட்டார் பெண் கேட்டு இரண்டு முறை வந்து போய்விட்டார்கள். "இந்தத் தடவையும் போச்சுன்னா நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்துடுவேன். கணக்குப் போட்டுக்கிட்டே கெழவி ஆயிடுவா ஒங்க பொண்ணு." லூசி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "சரி மமா" என்றாள். அந்தச் சரி வீட்டில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டிருந்தது.

சைகோனில் அவளுடைய கணக்கு வாத்தியார் ஒரு கிழட்டுப் பிரெஞ்சுக்காரர். வெயிலில் பழுத்த மூக்கு. ஒரு நாள் துறைமுக அலுவலகத்துக்கே என்னைத் தேடி வந்துவிட்டார். ஆற்றில் அரிசிப் படகுகள் முட்டிக்கொண்டிருந்தன. புளியமரங்களின் இலைகள் பொடிப்பொடியாக அவர் தொப்பியின் மேல் உதிர்ந்தன. "உங்கள் மகள் விடையைத் தேடுவதில்லை, முசியே. விடை அவளைத் தேடி வருகிறது" என்றார். கவிதை எழுதுகிறவன் என்று என்னை நானே எண்ணிக்கொண்டு திரிந்தவன் நான். அன்றைக்கு அந்தக் கணக்கு வாத்தியாரிடம் தோற்றுப்போனேன். பள்ளிப் படிப்பின் இறுதியான பக் தேர்வின் முதல் பகுதியை அவள் நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். இரண்டாம் பகுதி வருவதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறினார்கள், அவர்களோடு என் வேலையும் கப்பலேறியது. நாங்கள் கொழும்பு வழியாக இங்கே வந்து சேர்ந்தோம். ஊருக்குத் திரும்புகிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தோம். திரும்பியவர் யார்? என் அப்பா இங்கிருந்து போனவர். நான் அங்கே பிறந்தவன். லூசியோ இந்த ஊரின் பெயரைத் தபால் முத்திரையில்தான் முதலில் படித்தாள்.

இங்கே இன்னும் இருக்கிற பிரெஞ்சுப் பள்ளியில் சேர்ந்து இரண்டாம் பகுதியை முடித்திருக்கலாம். முடித்தால் அடுத்த படி பிரான்சில்தான். "ஒத்தப் பொம்பளப் புள்ளைய அத்தனை கடல் தாண்டி அனுப்பிட்டு நான் இங்க உக்காந்து சோறு தின்னவா?" என்று தெரேஸ் கேட்டாள். ஆகவே புகுமுக வகுப்பு. மூன்று பகுதிகள் என்றார்கள். ஒன்று ஆங்கிலம், இரண்டு வேறொரு மொழி, மூன்று அவரவர் பாடங்கள். இரண்டாவதுக்குப் பிரெஞ்சு எடுக்கலாம் என்றதும் லூசிக்கு நிம்மதி. ஆங்கிலம் அவள் படித்ததே இல்லை. லிசேயில் அந்நிய மொழிக்கு வியத்நாம் பாஷையை எடுத்திருந்தாள். தெருவில் மீன் பேரம் பேசுகிற அளவுக்கு அது அவள் நாவில் புரளும். இங்கே அந்த மொழிக்கு ஒரு பெட்டிக்கடை வாசலில் கூட வேலையில்லை.

அப்போதுதான் எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தோம். அதற்கு ஆசி கொடுத்தவர் எங்கள் சந்தின் கடைசி வீட்டு முசே அந்துவான். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். வீட்டிலும் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லூசி ஆங்கிலத்தை நினைத்து அழுதபோது அவர் கையை ஆட்டினார். "அசடு! கொயெஃபிசியான் எதுக்கு இருக்கு? கணக்குல வாங்கற மார்க்கு இங்கிலீஷைத் தூக்கிக்கிட்டுப் போயிடும். மொத்தத்துல சராசரி வந்தா போதும்." நமக்கெல்லாம் தெரிந்ததுதானே அது. பக் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பெருக்கல் எண் உண்டு, கணக்கு மாணவனுக்குக் கணக்கு நாலு மடங்கு எடை. ஒன்றில் கீழே போனால் மற்றொன்று கை கொடுக்கும். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, வகுத்து, பத்துக்கு மேல் வந்தால் மனிதன். கண் திறந்த நாளிலிருந்து அந்தக் காற்றில் இருந்தவர்களுக்கு வேறு விதமும் உலகத்தில் இருக்கும் என்று தோன்றவே இல்லை. யாரிடமும் கேட்கவில்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று புது ஊரில் யாராவது கேட்கிறார்களா? லூசி ஆங்கிலப் புத்தகத்தை அலமாரியின் மேல் வைத்துவிட்டு வருஷம் முழுக்கக் கணக்கில் முங்கிக் கிடந்தாள்.

முடிவு வந்தது. கணக்கில் தொண்ணூற்றெட்டு. ஆங்கிலத்தில் இருபத்தொன்று. பத்திரிகையில் தேறியவர்களின் எண்கள் வரிசையாக இருந்தன. அவளுடைய எண் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு அடுத்த எண் இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்துக் கல்லூரிக்கு ஓடினேன். முதல்வர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஆங்கிலத்துக்கு எத்தனை கொயெஃபிசியான்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். விளக்கினேன். அவர் பரிவு அதிகமாயிற்று. "சார், இங்கே கூட்டிப் பாக்கறது கெடையாது. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாத் தேறணும். ஒங்க பொண்ணு கணக்குல எரநூறு வாங்கினாலும் இதுக்கு ஒதவாது." "நூற்றுக்கு இருநூறு வாங்க முடியாதே" என்றேன். வாதமாக அல்ல, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். அவர் சிரித்தார், நான் கேலி பேசுகிறேன் என்று நினைத்து. அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிட்டது.

அங்கே தேர்வு ஒரு தராசு. இங்கே அது ஒரு முக்காலி. ஒரு காலை எவ்வளவு நீளமாக இழைத்தாலும் இன்னொன்று குட்டையானால் உட்கார முடியாது. இதில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்குப் படிக்கிற பிள்ளையும் ஒரு கவிதை வாசிக்க வேண்டும், உலகத்தைப் பற்றி நாலு வாக்கியம் ஒழுங்காகச் சொல்லத் தெரிய வேண்டும், ஒரு துறையின் கிணற்றுக்குள்ளேயே கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்று முதல்வர் சொன்னபோது என் தலை தானாக ஆடியது. கவிதைக்கு ஆதரவாக ஒரு சட்டம் இருப்பது தெரிந்தால் என் போன்றவன் எழுந்து கும்பிடுவான். பிரெஞ்சுக்காரர்களும் இந்தப் பொதுக் கல்வியை விடுகிறவர்கள் இல்லை. தத்துவம் வரை எல்லாவற்றையும் லிசேயிலேயே ஊட்டி முடித்துவிடுவார்கள். அதன் பிறகு அவனவன் பாடம், அவனவன் பாடு. இங்கே கல்லூரி வாசலைத் தாண்டிய பிறகும் அது கூடவே வருகிறது. நல்லது, வரட்டும். ஆனால் என் மகளுக்கு வாய்த்த கவிதை ஏதோ ஒரு சீமையின் பனிக்காலத்தைப் பற்றியது. சைகோனிலும் பனி இல்லை, சாரத்திலும் இல்லை. வேர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து, பனிக்கு எத்தனை அடைமொழி உண்டு என்று அவள் முணுமுணுப்பாள். அவளுக்கு மூன்று மொழிகள் தெரியும். மூன்றிலும் அவள் உலகத்தைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லுவாள். அவை எதுவும் இங்கே ஆங்கிலத் தாளுக்கு ஈடாகாது.

இரண்டாம் முறை உண்மையாகவே படித்தாள். நெல்லித்தோப்பில் ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போய் வந்தாள். செய்தித்தாளின் பயன்கள் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். நம் லிசேப் பழக்கம் விடுமா? பயன் உண்டு என்று ஒரு பக்கம், பயன் இல்லை என்று மறுபக்கம், இரண்டையும் தாண்டி என்ன என்று ஒரு முடிவு, அதற்கெல்லாம் முன்னால் ஒரு திட்டம் என்று தாளின் ஓரத்தில் கோடு கிழித்துக்கொண்டே பாதிப் பொழுதைக் கழித்துவிட்டாள். இருபத்தொன்பது. "செய்தித்தாளால பயன் இல்லேன்னு எழுதினியாமே, எந்தப் படுபாவி மார்க்குப் போடுவான்?" என்று கோவிந்தசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

நேற்று மரத்தடிக்கு அவரும் வந்தார். அவருடைய சின்ன மகனும் உள்ளே எழுதிக்கொண்டிருந்தான். "என்னா முசே, மொகம் இப்பிடிக் கெடக்கு? பரீட்ச ஒங்களுக்கா, பொண்ணுக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"கவலய வுடுங்க. பெரியவன் வச்சிருந்த நோட்ஸ நானே கொண்டாந்து குடுத்தேன் இல்ல? பத்துக் கட்டுரை. அதுல ஒண்ணு கட்டாயம் வந்துடும். அப்பிடியே ஒப்பிச்சிட்டு வந்தாப் போதும்."

"அவளுக்கு மனப்பாடம் பண்ணிப் பழக்கமில்லையே."

"அட, நீங்க ஒண்ணு! யோசிச்சு எழுதறதுக்கு அது என்னா சொந்தக் கடுதாசியா? எம் பையன் எங்க யோசிச்சான்? யோசிக்காததனாலதான் பாஸானான்." தானே சொல்லித் தானே சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "காப்பி குடிக்கிறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே கொட்டினார்கள். கோவிந்தசாமியின் மகன் தூரத்திலிருந்தே கையை உயர்த்திக் காட்டினான். "வந்திடுச்சிப்பா! சொந்த ஊரு வந்திடுச்சி!" அவர் என் முதுகில் ஓங்கித் தட்டினார். "சொன்னேன் இல்ல முசே? அது அந்த நோட்ஸோட மொதல் கட்டுரை. ஒங்க பொண்ணு தப்பிச்சிட்டா." அந்தக் கட்டுரையை அவள் ஒரு மாதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆங்கிலம் தெரியாத தெரேசுக்குக்கூட அதன் ராகம் பாடமாகிவிட்டிருந்தது.

லூசி கடைசியாக வந்தாள். வீட்டுப் பக்கம் நடந்தாள். வாய்க்கால் பாலம் வரைக்கும் நான் கேட்கவில்லை. பாலத்தின் மேல் அவளாக நின்றாள்.

"நோட்ஸ்ல ஊர் பேருக்கு மட்டும் புள்ளி வச்சிருந்தது பப்பா. அவங்கவங்க ஊரைப் போட்டுக்கணும். வீட்டுல சொல்லும்போது அந்த எடத்தைத் தாண்டிப் போயிடுவேன்."

"போட்டுக்க வேண்டியதுதானே?"

"மொதல்ல சைகோன்னு போட்டேன். அடுத்த வரி ஊர் நடுவுல கோயில் குளம்னு வருது. அடிச்சிட்டேன். அப்புறம் பாண்டிச்சேரின்னு போட்டேன். நான் இங்க பொறந்தேன், இந்த மண்ணுல வெளையாடினேன்னு வருது. அதையும் அடிச்சிட்டேன். எடம் விட்டுட்டு எழுதலாம், கடைசில பாத்துக்கலாம்னு போனேன். திரும்பத் திரும்ப அங்கயே வந்து நின்னுட்டேன். மத்த கேள்விக்கெல்லாம் நேரம் இல்ல."

"ஏதாவது ஒரு பேரு, லூசி. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

வாத்தியார் கேள்வி கேட்டால் பார்க்கிற மாதிரி அவள் என்னைப் பார்த்தாள். "மொத வரி தப்புன்னா அதுக்குக் கீழ எல்லாமே தப்புதானே பப்பா?"

வீட்டு வாசலில் நின்ற தெரேஸ் எங்கள் நடையைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். திட்டவில்லை. லூசியின் தலையைத் தடவி, சாப்பிட வா என்றாள். இன்று காலை புடவை மாற்றிக்கொண்டு சொல்தா வீட்டாரைப் பார்க்கப் போயிருக்கிறாள். அந்தப் பையன் படையிலிருந்து விடுபட்டதும் பிரான்சில்தான் குடியிருப்பானாம். கணக்குக்காக அனுப்ப மறுத்த கடலைத் தாண்டி இனிச் சமைக்கப் போவாள் என் மகள். உள்ளே அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த விடைத்தாள் இந்நேரம் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டி, அரக்கு வைத்து, விழுப்புரம் தாண்டிச் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கும். கட்டுக்குள் ஏகப்பட்ட ஊர்கள். பாகூர், வில்லியனூர், கடலூர், திண்டிவனம். ஒவ்வொன்றிலும் ஒரே கோயில், ஒரே குளம், ஒரே தபாலாபீஸ். நடுவில் ஒரு தாளில் மட்டும் கோயில் இருக்கிறது, குளம் இருக்கிறது, மேலே இரண்டு முறை அடித்த கறுப்பு இருக்கிறது. ஊர் இல்லை.