செல்லப்பன் செட்டும் அய்யம்பெருமாள் பறையும்

பழைய பாட்டு உசத்தியா, புதுப் பாட்டு உசத்தியா என்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எவனாவது ஆரம்பித்தால், ரேடியோ செட் செல்லப்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவதே அவன் பிழைப்பு. அதைப் பற்றிப் பேச அவனைவிட யோக்கியதை உள்ளவன் அந்த வட்டாரத்தில் யார்? ஆனாலும் வாயைத் திறக்க மாட்டான். திறந்தால் அங்கே பாதிப் பேருக்கு டீ கசந்துபோகும்.

சொந்த ஊர் ரஞ்சன்குடிக்கு அந்தப்புறம், ஏரிக்கரையோரம். ஊர் என்று சொல்வது பேச்சுக்குத்தான். அவன் பிறந்தது ஊருக்குக் கிழக்கே தள்ளியிருந்த காலனியில். அப்பா அய்யம்பெருமாள் ஊருக்குப் பறையடிக்கிறவர். ஊர்த்தெருவில் ஒரு சாவு விழுந்தால் அவருக்குத்தான் முதலில் ஆள் வரும். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போய், சாவு வீட்டு வாசலுக்கு எட்டத் தெருமுனையில் நின்று அடிக்க வேண்டும். பாடை கிளம்புகிற வரை உட்காரக் கூடாது. மேல்துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும். தாகமென்றால் கையைக் குவிக்க வேண்டும், எவராவது மனது வைத்து மேலேயிருந்து ஊற்ற வேண்டும். இதற்குக் கூலி, அறுப்புக் காலத்தில் களத்து ஓரமாக நின்று வாங்குகிற நெல். அதையும் அவர்களாகக் கூப்பிட்டுக் கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது.

சின்ன வயதில் அப்பாவோடு போய் அந்தத் தெருமுனையைப் பார்த்தவன் செல்லப்பன். பார்த்த அன்றைக்கே அந்த வேலை தனக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிட்டான். பெரம்பலூரில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான். மரமேறிக் குழாய் கட்டினான், ஒயர் இழுத்தான், திட்டு வாங்கினான். கல்யாணம் ஆன பிறகு, பெண்டாட்டி கொளஞ்சியம்மாளின் தோட்டையும் விற்றுச் சொந்தமாக ஒரு செட் வாங்கிவிட்டான். ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு குழாய், ஒரு தகரப் பெட்டி நிறைய பிளேட்டு என்கிற இசைத்தட்டு. எழுபதுகளின் நடுவில் அந்தப் பக்கத்தில் அது சாமானியமான சொத்து இல்லை.

செட் வாங்கியதும் அவன் செய்த முதல் காரியம் ஒன்று உண்டு. ஊரில் சாவு என்று காதில் விழுந்தால், அப்பாவைத் தேடி ஆள் வருவதற்குள் இவன் போய் நிற்பான்.

"மோளம் எதுக்குங்கய்யா? செட்டு கட்டிடறேன். சோகப் பாட்டாப் போட்டுடலாம். நம்ம ஊருக்குன்னா நான் காசு பாக்க மாட்டேங்க."

காசில்லாமல் கிடைப்பது, அதுவும் நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி கிடைப்பது என்றால் யாருக்குக் கசக்கும்? சாவுக்குக் குழாய் கட்டுவது ஊர்த்தெருவில் ஒரு கௌரவமாகிவிட்டது. அய்யம்பெருமாளின் பறை சுவரில் ஆணியில் தொங்க ஆரம்பித்தது. அப்பாவைத் தெருமுனையிலிருந்து மீட்டுவிட்டோம் என்று செல்லப்பனுக்கு உள்ளூர ஒரு பெருமை. வாழ்க்கையில் தான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்றுகூட நினைத்தான்.

"மாமாவ ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள் கொளஞ்சியம்மாள் ஒருநாள்.

"கேக்க என்ன இருக்கு? வெயில்ல நிக்கிறது ஒரு சொகமா?"

"அவரு செவுத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு. அதான் கேட்டேன்."

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சினிமாப் பாட்டு மாறியது. கிராமத்துக் கொட்டும் உருமியும் படத்துக்குள் வந்து ஏறின. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், "அண்ணே, புதுசு போடுண்ணே" என்று பிய்த்துப் பிடுங்கினார்கள். பெரியவர்களுக்கோ வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலுக்கெல்லாம் தலைவர் பஞ்சநாதன். ஏரிப் பாசனத்தில் பாதி நிலம் அவருடையது. ஊர் நியாயமும் அவர் வாயில்தான் பிறக்கும்.

அவர் மகன் கல்யாணத்தில் செல்லப்பன் ஒரு புதுப் பிளேட்டைச் சுழலவிட்டான். பந்தலே குதித்தது. பஞ்சநாதன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"டேய், நிறுத்துடா அத. பாட்டாடா இது? முன்னெல்லாம் பாட்டுன்னா ஒரு அர்த்தம் இருக்கும், ஒரு ராகம் இருக்கும். இப்ப வர்றது பூரா ஒங்கப்பன் அடிக்கிற கொட்டுதானடா! அதக் கேக்கறதுக்கு எனக்கு எதுக்கு செட்டு? ஒங்கப்பனையே பந்தல்ல நிறுத்தியிருக்க மாட்டனா?"

பந்தல் கொல்லென்று சிரித்தது. செல்லப்பனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது? ஊசியைத் தூக்கிவிட்டு, நைந்துபோன பழைய பிளேட்டு ஒன்றைப் போட்டான். பஞ்சநாதன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே போனார்.

உள்ளதைச் சொன்னால், பழைய பாட்டின் மேல் செல்லப்பனுக்கு ஒரு கோபமும் இல்லை. தனியாக இருக்கும்போது அவன் போட்டுக் கேட்பது பழசைத்தான். புதுசில் முக்கால்வாசி குப்பை என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் பழசிலும் குப்பை உண்டு. அவன் தகரப் பெட்டியின் அடியில் அது கிடந்தது. ஒரு ஆளும் கேட்காமல் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. தேறியதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு அந்தக் காலமே பொற்காலம் என்கிறார்கள், அவ்வளவுதான். பஞ்சநாதனுக்கு ராகமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. அவருக்குப் பிடிக்காதது பாட்டு இல்லை. தெருமுனையில் நிற்க வேண்டிய சத்தம் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதே, அதுதான் பிடிக்கவில்லை. இது செல்லப்பனுக்குப் புரிந்தது. புரிந்ததை வெளியே சொல்ல முடியாததால் அது உள்ளேயே கிடந்து புளித்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடையில் பஞ்சநாதனின் தாயார் பெரியம்மாள் செத்துப்போனார். செல்லப்பன் வழக்கம்போல் முந்திக்கொண்டு போய் வேப்பமரத்தில் குழாய் கட்டினான். பாட்டு ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கரண்ட் போய்விட்டது. பாட்டு இழுத்து இழுத்து நின்றது.

இதற்கென்றே அவனிடம் ஒரு பேட்டரி உண்டு. அன்றைக்குப் பார்த்து அதைப் பெரம்பலூரில் சார்ஜுக்குப் போட்டிருந்தான். கெட்ட நேரம் வந்தால் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருந்தாலும் நாய் கடிக்கும் என்பார்கள்.

"எங்காத்தா என்ன அனாதப் பொணமா, ஊமையாக் கெடக்க?" என்று கத்தினார் பஞ்சநாதன். "ஒங்கப்பன் எங்கடா? மோளத்த எடுத்துக்கிட்டு வரச் சொல்லு!"

"அவருக்கு ஒடம்பு முடியலீங்கய்யா. டவுனுக்குப் போயி பேட்டரி எடுத்தாந்துடறேன். இதோ வந்துட்டேங்க."

பதிலுக்குக் காத்திராமல் ரோட்டுக்கு ஓடினான். பஸ் பிடித்துப் போய், பேட்டரியைத் தூக்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் கண்டக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றி, இறங்கித் தோளில் சுமந்து வந்தான். எப்படியாவது அப்பாவைக் கூப்பிடுவதற்குள் போய்விட வேண்டும். வேறு நினைப்பே அவனுக்கு இல்லை.

ஏரிக்கரை ஏறும்போதே கேட்டுவிட்டது. அந்த அடி யாருடையது என்று அவனுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை.

அய்யம்பெருமாள் தெருமுனையில், உச்சி வெயிலில், வெறுங்காலோடு நின்று அடித்துக்கொண்டிருந்தார். துண்டு இடுப்பில் இருந்தது. கிழவர் உடம்பில் எங்கேயிருந்து வந்தது அந்த வேகம்? மெதுவாகத் தொடங்கி, ஏறி, நின்று, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பிடித்தார். ஒப்பாரி வைத்த பெண்கள் வாயை மூடிக் கேட்டார்கள். பஞ்சநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவ்வளவு பேர் முன்னால் சொன்னார்:

"இதாண்டா பாட்டு! செல்லப்பா, வந்து கேட்டுக்க. அந்தக் காலத்து அடிடா இது. ஒன் செட்டுல வர்றதெல்லாம் இதுக்கு ஒற போடக் காணாது. இனிமே நம்ம ஊர்ச் சாவுக்கு செட்டு வேணாம். மோளம்தான். ஒங்கப்பனுக்கு அப்பறம் நீ அடி."

செல்லப்பனுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அன்றைக்குப் பந்தலில் கேவலமாக இருந்த கொட்டு, இன்றைக்குத் தெருமுனையில் தெய்வீகமாகிவிட்டது! இத்தனை வருஷம் காசு வாங்காமல் ஒயர் இழுத்தது எல்லாம் ஒரே பேச்சில் போயிற்று. கடைசியில் அவனுக்கும் அதே தெருமுனையை எழுதிவைத்துவிட்டார்கள்.

நேராக மரத்தடிக்குப் போய் பேட்டரியை மாட்டினான். பெட்டியைத் திறந்து ஒரு பிளேட்டை எடுத்தான். கைக்கு வந்ததைப் போட்டேன் என்று பிறகு சொல்லிக்கொண்டான். அது பொய், தேடித்தான் எடுத்தான். கல்யாணப் பந்தலில் பஞ்சநாதன் நிறுத்தச் சொன்ன அதே புதுப் பாட்டு. சத்தத்தை முழுசாகத் திருகி ஊசியை வைத்தான்.

இரண்டு குழாயும் ஒன்றாய் அலறின. சாவு வீட்டில் குத்தாட்டப் பாட்டு! கேளுங்கடா, நல்லாக் கேளுங்கடா என்று அவன் மனது கூவியது. ஊரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்ட சந்தோஷம் அவனுக்கு. அந்தச் சந்தோஷத்தோடு தெருமுனையைத் திரும்பிப் பார்த்தான்.

அய்யம்பெருமாளின் கை இரண்டு மூன்று அடி தடுமாறியது. குழாய்ச் சத்தத்தில் பறை கேட்கவே இல்லை. அவர் கையை இறக்கிவிட்டார். சாவு வீட்டைப் பார்க்கவில்லை, பஞ்சநாதனைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஒயரை அறுத்தார்கள், பிளேட்டைக் காலில் போட்டு மிதித்தார்கள். செல்லப்பனுக்கு முதுகிலும் கன்னத்திலும் விழுந்தது. இனி இந்த ஊர் எல்லைக்குள் குழாய் கட்டினால் கையை ஒடித்துவிடுவோம் என்று சொல்லித் துரத்தினார்கள். அவனுக்கு அது வலிக்கவில்லை. அப்பா முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் ஓடினான்.

"ஒனக்காகத்தாம்ப்பா செஞ்சேன். அவனுவ ஒன்னிய அப்படி நிக்க வெச்சிருந்தத என்னால பாக்க முடியல."

கிழவர் காலனி முகப்பு வரை நடந்தார். பிறகு நின்று, மூச்சு வாங்கிச் சொன்னார்:

"நின்னது அவனுவளுக்காக நின்னேன்டா. அடிச்சது எனக்காக அடிச்சேன். இத்தன வருசத்துல நான் அடிக்கிறப்ப குறுக்க ஒரு பய சத்தம் போட்டதில்ல. அந்தத் தெருவுல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். பெத்த புள்ள நீ வந்து அதயும் அமுக்கிட்ட."

செல்லப்பன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூருக்கே குடி வந்துவிட்டான். பிழைப்புக்குக் குறைவில்லை, பிளேட்டு போய் கேசட்டு வந்தது, அரியலூர்ப் பக்கமெல்லாம் கூப்பிட்டார்கள். அப்பா மட்டும் காலனியை விட்டு வர மறுத்துவிட்டார்.

மறு வருஷம் காலனி மாரியம்மன் திருவிழா. அங்கே தெருமுனையில் நிறுத்த ஒருவரும் இல்லை. எல்லாரும் சொந்த ஜனம். அம்மன் புறப்பாட்டுக்கு வழக்கம்போல அய்யம்பெருமாள்தான் முதல் அடி அடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிட்டார்கள். செல்லப்பனும் கொளஞ்சியம்மாளும் வந்திருந்தார்கள். பறையை ஆணியிலிருந்து இறக்கித் துடைத்து, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினான் அவன்.

கிழவர் வாங்கவில்லை. வந்தவர்களைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்:

"அதான் எம்மவன் செட்டு இருக்கே. அதப் போடச் சொல்லுங்க."