இந்தத் தடவை நீ யாரு?

எட்டுக் கிலோ. ஒரு வயதுக் குழந்தையின் எடைக்குக் கதாம்பி வைத்திருக்கும் கணக்கு அது. கைக்குழந்தைக்காரிகளுக்கு விடுதி பார்க்கப் போனால், நான்கு சோளமாவுப் பொட்டலங்களைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டுதான் மாடி ஏறுவார். வரவேற்பறையில் சிரிப்பார்கள். கதாம்பி சிரிக்க மாட்டார். மாவோடு குளியலறைக்குள் போய், ஒரு கையால் குழாயைத் திறக்க முடிகிறதா என்று பார்ப்பார்.

நைரோபியில் டாம் எம்போயா தெருவின் நான்காம் மாடி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பயண முகவராக இருக்கும் பெண்மணி அவர். எங்கே போனாலும் அவராகப் போவதில்லை. வாடிக்கையாளர் யாராவது ஒருவராகப் போகிறார். கண்புரை வந்த கிழவர் ஒருவருக்காக ஒரு மலை விடுதி முழுவதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். தேனிலவு ஜோடிக்காகச் சுவரில் காதை வைத்து, அடுத்த அறைக்காரரின் இருமல்களை எண்ணினார். கடலை அவர் படம் எடுத்ததே இல்லை. கைபேசியில் இருப்பவை கைப்பிடிகள், வாசற்படிகள், காலைச் சாப்பாட்டு வரிசையின் வால்.

புதன்கிழமை மதியம் அந்தத் தெருவின் முகவர்கள் கீழ்த்தளத் தேநீர்க்கடையில் கூடி, போய்வந்த இடங்களைப் பற்றிப் பேசுவார்கள். சென்ற புதன் முழுக்கப் புதுக் கப்பல்தான் பேச்சு. மொம்பாசா துறைமுகத்திலிருந்து ஐந்து நாள் பயணம். முகவர்களை இலவசமாக ஏற்றிக் காட்டியிருந்தார்கள்.

"சூரியன் கடல்ல எறங்குச்சு பாருங்க, அடடா!" என்றார் பக்கத்துக் கட்டடத்து பைசல்.

"சூரியன் எறங்கிடும்யா, அதுக்கு முட்டி வலியா என்ன? ஆளு எறங்க முடியுமா, அதச் சொல்லு" என்றார் கதாம்பி.

"ஆரம்பிச்சுட்டா! இந்தத் தடவ நீ யாரு?"

"ஜெருஷா டீச்சர்."

ஜெருஷா மேரு ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபத்தொரு வயது. வலது முழங்கால் மடங்காது. அவருடைய தேவாலயப் பாடகர் குழுவில் பதினெட்டுப் பெண்கள் அந்தக் கப்பலில் போகப் பெயர் பதிந்திருந்தார்கள். டீச்சர் வரவில்லை என்றால் ஒருத்தியும் வரமாட்டாள். அவர்கள் பார்க்கத் துடிக்கும் தீவிலோ கப்பல் கரையைத் தொடாது. பக்கவாட்டு ஏணியில் இறங்கி, ஆடும் படகுக்குள் கால் வைக்க வேண்டும்.

"ஏணியப் பத்தி வாயத் திறக்காத" என்றார், மாடிக்குத் திரும்பியதும், முதலாளி ஒடுவோர். "பதினெட்டுப் பேரும் ஒரே நிறத்துல துணி தச்சுட்டாங்க. நீ விக்கப் போனியா, கெடுக்கப் போனியா?"

வெள்ளிக்கிழமை டீச்சரே வந்துவிட்டார். ஊன்றுகோலை மேசைமேல் வைத்தார்.

"போயிட்டு வந்தியே, எப்படி இருந்துச்சு?"

ஒடுவோரின் கதவு பாதி திறந்திருந்தது. கதாம்பி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பதினாலு படி, டீச்சர். கடைசிப் படிக்கும் படகுக்கும் நடுவுல ஒரு முழம். அலை தூக்குற நேரம் பாத்துக் கால் வைக்கணும்."

"நீ எறங்குனியா?"

"ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ தலைத்துணியால முட்டியக் கட்டிக்கிட்டு, உங்கள மாதிரி எறங்குனேன்." கதாம்பி முழங்கைக் காயத்தைக் காட்டினார். "விழுந்துட்டேன்."

டீச்சர் காயத்தைத் தொட்டுப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"முப்பத்திரண்டு வருஷம் அந்தத் தீவ வரைபடத்துல காட்டியிருக்கேன், பிரம்பு நுனியால" என்றார் டீச்சர். பிறகு, "எந்தக் கால முதல்ல வச்ச?"

"நல்ல கால."

"அதான் விழுந்த. நல்ல கால கீழ விட்டா, உடம்ப எறக்குறதுக்கு மேல இருக்கிற கால் மடங்க வேணாமா? மொண்டிக் கால முதல்ல எறக்கு. எறங்குறப்ப கெட்ட கால், ஏறுறப்ப நல்ல கால். இருபத்திரண்டு வருஷமா என்னத்தப் பாத்தே நீ?"

இத்தனை பேராகப் போய்வந்த கதாம்பி, அவர்களில் ஒருவரிடமும் எப்படி நடக்கிறீர்கள் என்று கேட்டதில்லை.

"கட்டு முட்டிய, ஏணிக்குப் பழகுவோம்" என்றார் டீச்சர். லிஃப்டைக் கடந்து படிக்கட்டின் தலைக்குப் போனார்.

சத்தம் கேட்டு ஒடுவோர் வெளியே வந்தபோது, இரண்டு பெண்களும் விறைத்த வலது காலை முன்னே நீட்டி, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பும் இடத்தில் டீச்சர் கைப்பிடியிலிருந்து கதாம்பியின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்தார்.

கப்பல் பதினேழாம் தேதி காலை ஆறு மணிக்கு மொம்பாசாவிலிருந்து கிளம்புகிறது.