குடத்துத் தண்ணீரைத் தேடிப் போனவர்

மாசிலாமணி அண்ணன் இறந்த செய்தியை எனக்கு ஒரு பஸ் கண்டக்டர் சொன்னார். வண்டூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "கராச்சர்மால உங்க தோஸ்த் போய்ட்டாராமே சார், நேத்தே எடுத்துட்டாங்களாம்" என்றார். நான் அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? எனக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டியவர்கள் நம் சங்கத்துக்காரர்களான நீங்கள். சங்கத்தில் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. தீராமலேதான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கெல்லாம் அவர் கராச்சர்மா சைக்கிள் கடைக்காரர். வாய் ஓயாதவர், பஞ்சர் ஒட்ட வந்தவனையே, "ஏன்டா முள்ளு மேல ஏத்துன?" என்று வைகிறவர். அதற்கு முன்னால் அவரும் நானும் போர்ட் பிளேரில் ஒரு மரக் காண்டிராக்டர் வீட்டில் வேலை பார்த்தோம். நான் ஜீப் ஓட்டினேன். பங்களா, பாக்குத் தோட்டம், கிடங்கு மூன்றுக்கும் அவர் மேஸ்திரி.

அது வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. பின்பக்கம் ஒரு நீச்சல்குளம் உண்டு. முதலாளி அதில் காலைக்கூட நனைத்ததில்லை, ஆனால் வருகிறவர்களிடம் காட்டுவதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அந்தக் கோடையில் குளம் பச்சைப் பசேலென்று பாசி பிடித்துவிட்டது. பாதாம் மர இலைகள் விழுந்து ஊறிச் சுவரெல்லாம் கறுப்புக் கறை. மெயின்லாண்டிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வரப்போகிறார், குழந்தைகள் குளிப்பார்கள், குளம் பளிங்கு மாதிரி இருக்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார்.

மாசி அண்ணன் தேங்காய் நாரும் மணலும் வைத்துத் தேய்த்தார். முழங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். இன்று தேய்த்தால் நாளை பாசி வந்தது. தண்ணீரை இறைத்துவிட்டுக் கழுவவும் வழியில்லை, மழை வரும்வரை திரும்ப நிரப்ப எங்கே போவது? அதுவும் போக, ஊர்க் கிணறுகள் வற்றிக் கிடந்தன. குளத்திலிருந்து மதிலுக்கு வெளியே போகும் ஒரு குழாயில்தான் கூலி லைன் ஜனங்கள் தண்ணீர் பிடித்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தார்கள். பிளீச்சிங் பவுடர் வரவேண்டிய கப்பலையும் காணோம்.

அப்போதுதான் அவருக்குப் பாக்குத் தோட்டத்து யோசனை வந்தது. மழைக்காலத்தில் பாக்குக் குலைக்குப் பூஞ்சை பிடிக்காமல் அடிக்கிற மயில்துத்தம், அந்த நீல விஷ உப்பு, கிடங்கில் மூட்டையாகக் கிடந்தது. தோட்டக்காரர்கள் அதைச் சாக்கில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுக் கரைப்பார்கள். இவரும் அப்படியே செய்தார். சாயங்காலம் சாக்கைக் குளத்து மூலையில் இருந்த கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டார். அதே மூலையில்தான் குழாயின் வாய் இருந்தது. குழாயை மூட மறந்துபோனார்.

மறுநாள் காலையில் ஜீப் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"குளம் தெளிஞ்சு போச்சுடா. தரை தெரியுது."

"அப்புறம் என்ன அண்ணே, நல்லதுதானே?"

"சாக்குலேருந்து நீலமா ஒரு கோடு, நேரா குழாய்க்குள்ள போகுதுடா."

குழாயை அடைத்துவிட்டு லைன் வீடுகளுக்கு ஓடினோம். வீடு வீடாகப் புகுந்து குடத்தைக் கவிழ்த்தோம். நல்லவேளை, யாரும் இன்னும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மூச்சு வாங்க நின்றபோது ராஞ்சிக்கார மூதாட்டி ஒருத்தி சொன்னாள், கீழே ஷெட்டில் தங்கியிருந்த வங்காளிகள் விடியும்போதே குடங்களை நிரப்பிக்கொண்டு கப்பல்துறை ஜெட்டிக்குப் போய்விட்டார்களாம். சர்க்காரில் நிலம் கொடுக்கிறார்கள் என்று வடக்குத் தீவில் இருக்கும் திக்லிபூருக்குப் போகிற அகதிக் குடும்பங்கள். கைக்குழந்தைகள் வேறு. கப்பல் ஏறிவிட்டால் அவர்களுக்கு அந்தத் தண்ணீர்தான்.

ஜீப்பை எடுக்கப் போனால் முதலாளி வராந்தாவில் நிற்கிறார். "இத்துனூண்டு துத்தம், ஒண்ணும் ஆகாது. விருந்தாளி வர்ற நேரத்துல ஊரைக் கூட்டாதீங்க. வண்டி வெளிய போச்சுன்னா ரெண்டு பேரும் திரும்பி வர வேணாம்" என்றார்.

மாசி அண்ணன் குரலே உயர்த்தவில்லை. "தண்ணி தெளிஞ்சா போதுமா மொதலாளி? குடிச்சது யாருன்னு தெரிய வேணாமா?"

என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். ஆனாலும் சாவியைத் திருப்பினேன்.

ஜெட்டியில் ஏணியை எடுக்கப் போகிற நேரம். அவர் கப்பலுக்குள் பாய்ந்து, "பானி மத் பீயோ, ஜஹர் ஹை, சப் ஃபேங்க் தோ" என்று கத்தினார். தண்ணீரில் விஷம், குடிக்காதே, கொட்டு என்று ஒருவன் அலறிக்கொண்டு வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார், இன்னொருவர் அடித்தே விட்டார். "மேரா கல்தி, என் தப்புதான்" என்று அடியை வாங்கிக்கொண்டே ஒவ்வொரு குடமாகக் கடலில் கொட்ட வைத்தார். கப்பல் தொட்டியிலிருந்து அவர்களுக்குத் தண்ணீர் தரும்படி சமையல்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

ஒரே ஒருத்தி மட்டும் பித்தளைக் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை. அவர் தேடுவதற்குள் சங்கு ஊதி, கலாசிகள் அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். கப்பல் நகர்ந்தபோது அவள் கம்பியோரம் தெரிந்தாள். அண்ணனுக்கு ஹிந்தி மறந்துபோயிற்று. "ஊத்திடும்மா, புள்ளைக்குக் குடுத்துடாதம்மா" என்று தமிழில் கதறினார். அவள் குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே போனாள்.

வேலை போயிற்று. எனக்கு வேறு வண்டி கிடைத்தது. அவர் அடுத்த கப்பலிலேயே திக்லிபூர் போனார். "யாராவது செத்திருந்தா சேதி வந்திருக்கும் அண்ணே" என்று தடுத்துப் பார்த்தேன். "வராத சேதியை வச்சுக்கிட்டு நான் எப்படிடா தூங்குவேன்?" என்றார்.

திரும்பி வந்தபோது இளைத்துக் கறுத்திருந்தார். டீக்கடையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். காட்டை வெட்டிக்கொண்டிருந்த ஜனங்களிடம் கேட்டுக் கேட்டு அவள் குடிசையைக் கண்டுபிடித்தாராம். குழந்தை வாசலில் தவழ்ந்துகொண்டிருந்ததாம். ஒரு வாய் வைத்தவுடனே கசந்ததால் துப்பிவிட்டு, அன்றே தண்ணீரைக் கொட்டிவிட்டாளாம். ஊரை விட்டு வந்தபோது கொண்டுவர முடிந்தது அந்தக் குடம் ஒன்றுதானாம். அதைப் பிடுங்க வந்தவர் என்றுதான் இவரை நினைத்தாளாம்.

"அப்புறம் அந்தக் குடத்துலேருந்தே எனக்குத் தண்ணி ஊத்துனாடா" என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கடையும் சைக்கிளும் யாருக்கோ போகட்டும். நான் நேரில் பார்க்காத அந்த ஒரு காட்சி எனக்குப் போதும். யாரிடமும் தலை குனியாத அந்தக் கோபக்காரர், முன்பின் தெரியாத ஒருத்தியின் வாசலில் குனிந்து, இரண்டு கையையும் ஏந்தி, குடம் காலியாகும்வரை குடித்துக்கொண்டு நிற்கிறார்.