சொல்லாமல் போகாத சபரிநாதன்

“டீக்குப் போறனுங்க. போயிட்டு வாரேன். ரொம்ப நேரம் காணோம்னா, அப்படியே மாத்திரை வாங்கப் போயிட்டேன்னு வெச்சுக்கங்க” என்று என் அறை வாசலில் தலையை நீட்டிச் சொல்கிறார் சபரிநாதன். டீக்கடை மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. நான் அவருக்கு முதலாளி இல்லை. அஸ்தம்பட்டியில் அதே மாடியில், பக்கத்து அறையில் இன்சூரன்ஸ் பாலிசி விற்கிறவன். இருந்தாலும் சொல்லிக்கொள்ளாமல் அந்த மனிதர் கைகழுவக்கூடப் போகமாட்டார்.

ஐம்பதை நெருங்கும் வயது. தினமும் சங்ககிரியிலிருந்து டூவீலரில் வந்து போவதில் முதுகு போய்விட்டது. மதியச் சாப்பாட்டை வாழை இலையில் கொட்டிக்கொண்டு, காலியான தூக்குப்போசியில் பழைய போன் ஒன்றைப் போட்டு மூடியை அழுத்தி மூடுவார். உள்ளே சிக்னல் செத்துவிடுகிறதா என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைவார். சில நாள் பிசைந்ததோடு சரி, சாப்பிட மறந்துவிடுவார்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்புவதில்லை. அந்த ஆட்களுக்காக இவர் ஒரு செயலி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒரு புள்ளி. போன் தொடர்பில் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சாம்பல். கம்பெனிக்காரர்களும் பார்க்கலாம், வீட்டில் இருப்பவர்களும் பார்க்கலாம். சின்ன வேலைதானே என்று ஒருநாள் வாயை விட்டேன்.

“ஆளு வந்ததைக் கண்டுபுடிக்கறது சுளுவுங்க. போனதைக் கண்டுபுடிக்கறதுதான் சீவனை வாங்குது. எவனும் சொல்லிட்டுப் போறதில்லீங்க” என்றார்.

செயலியை முறையாக மூடினால் போன் சர்வரிடம் சொல்லிவிட்டுப் போகும். சார்ஜ் தீர்ந்தோ, காட்டுக்குள் சிக்னல் அற்றோ போனால் ஒன்றும் சொல்லாது. ஆள் இன்னும் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து சர்வர் பச்சையை எரியவிட்டுக்கொண்டிருக்கும். அதனால் போன் உள்ளே வந்த உடனேயே, ‘நான் சொல்லாமல் போய்விட்டால் என் பெயருக்கு நேரே சாம்பலை வைத்துவிடு’ என்று சர்வரிடம் சொல்லிவைத்துவிட வேண்டும். அதுதான் இவர் செய்திருக்கும் ஏற்பாடு. வந்ததும் வராததுமாகப் போவதைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று இவர் மனைவி சத்யபிரியா திட்டினாராம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. என் பிழைப்பும் அதுதானே.

ஆடி மாதத்தில் உஷாராணி என்ற பெண் போனும் கையுமாக அவர் அறைக்கு வந்தாள். அவள் கணவன் சரவணமுத்து ரிக் வண்டி டிரைவர். சத்தீஸ்கர் பக்கம் காட்டில் வேலை. காய்ச்சல் கண்டு விழுந்தவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவன் போன் அணைந்து பையில் கிடந்திருக்கிறது. கம்பெனியிலிருந்து சொல்லும் வரை இவளுக்கு ஒன்றும் தெரியாது.

“பச்சை பொய் சொல்லிருச்சுங்ணா. அங்க போன் காலு எல்லா நேரமும் போகாதுங்க. பச்சையைப் பாத்துத்தான் மனசைத் தேத்திக்குவேன். அவரு நெனப்பில்லாமக் கெடக்கறாரு, நான் இங்க ஆடி நோம்பிக்குச் சேலை எடுத்துட்டு இருந்தனுங்ணா.”

சபரிநாதன் அவள் போனை வாங்கிப் பார்த்தார். “இதுல யாரு நம்பர் போட்டு உள்ள போனீங்க, அம்மிணி?”

“அவரு நம்பர்தாங்ணா. அவரு ஊர்ல இருக்கறப்பவே ஓடிபி கேட்டு வாங்கிப் போட்டேன். எங்கூட்டுல கேஸ் புக் பண்றதுக்கும் அவரு நம்பர்தானுங்களே.”

நீங்கள் தப்பாகப் போட்டுவிட்டீர்கள் என்று சொல்லி அவளை அனுப்பியிருக்கலாம். கம்ப்யூட்டர்க்காரர்கள் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எம்பட தப்பு அம்மிணி. ஒரே பேர்ல ரெண்டு போன் வந்தா, எது வண்டியில இருக்குது, எது ஊட்டுல இருக்குதுன்னு நான் பிரிச்சிருக்கோணும். பிரிக்கல.”

“அப்ப நான் பாத்த பச்சை?”

“அது நீங்கதானுங்க. நீங்க தொறந்து பாக்கறப்பெல்லாம் எரிஞ்சிருக்குது.”

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். வாசலில் நின்றிருந்த நான் உள்ளே போய்த் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அன்றே பிரித்துவிட்டார். இப்போது வண்டியில் இருக்கும் போனுக்கு மட்டும்தான் பச்சை. வீட்டுப் போன் வெறுமனே பார்க்கலாம். சரவணமுத்துவும் தேறி மறுபடி வண்டியேறிவிட்டான். ஆனால் உண்மை பொல்லாதது. காடு மாறும்போதெல்லாம் புள்ளி சாம்பலாகிறது, வீட்டுப் பெண்கள் பதறுகிறார்கள். “செத்த நேரம் பச்சையாவே உடுங்க, ஆபீசுக்குப் போன் போட்டு உசுரை எடுக்கறாங்க” என்று ரிக் கம்பெனி மேனேஜர் சண்டைக்கு வந்தார். “இல்லாத ஆளை இருக்கறார்னு என்னால காட்ட முடியாதுங்க” என்றார் இவர். அப்படியானால் நீங்களே பதில் சொல்லுங்கள் என்று மேனேஜர் இவர் நம்பரை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து இவர் வாய் ஓய்வதில்லை: “சிக்னல் இருக்காது அம்மிணி. வந்துரும், வந்துரும்.” தூக்கமில்லாமல் கண் இரண்டும் கோவைப் பழமாகிவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் பையை மாட்டி, ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்து, “ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க” என்று சொல்லியும் முடித்துவிட்டார். போன் அடித்தது. உஷாராணியின் குரல் எனக்கே கேட்டது.

“காத்தால இருந்து சாம்பலாவே இருக்குதுங்ணா.”

திரும்பிப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். நானும் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். சரவணமுத்து பெயருக்கு நேரே சாம்பல்தான்.

“சிக்னல் இருக்காதுங்க. நீங்க கெளம்புங்க” என்றேன். அவர் தினமும் சொல்கிற பதில்தானே. இங்கிருந்து யார் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், பார்ப்பதனால் மட்டும் இனி அந்தப் புள்ளி பச்சையாகாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. அப்படி ஆகாமல் செய்தவரே அவர்தான்.

“வெச்சிராதீங்க அம்மிணி. நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன்” என்று, லைனைத் துண்டிக்காமலே போனை மேசைமேல் வைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.